செம்பு போகாத காதுகள்

காலை ஆறு மணிக்கு ஈரத்துணியோடு தமயந்தி தோட்டக் கூடாரத்துக்குள் போனாள். செவ்வாய்க் குடியேற்றத்தில் அவளுக்கு வேலை, வாழைத்தார்களுக்குத் தூசி துடைப்பது. ஒவ்வொரு தாரும் ஆறு வருடமாகத் தொங்குகிறது. ஒரு காய் பழுக்கவில்லை, ஓர் இலை மஞ்சளாகவில்லை. வேண்டும்போது ஒரு சீப்பை வெட்டிச் சமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. செடிகள் தமக்குள் பேசிக்கொள்வது ஒரு வாயுவால், கனிவாயு என்பார்கள். ‘பழு’, ‘உதிர்’, ‘வேர் தண்ணீரில் முங்குகிறது, காற்றுத்துளை விடு’ என்று பல சேதிகள் அதில் போகும். அதைக் கேட்கும் செடியின் காதுக்குள் துளி செம்பு இருக்க வேண்டும். செம்போ, தனியே அலைந்தால் விஷம். அதனால் செடிக்குள் சில குட்டிப் புரதங்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பத்திரமாகக் காதில் சேர்க்கும். செப்புத் தூதுவர்கள் என்று பெயர். பழம் அழுகி வீணாகிறதே என்று பார்த்த முன்னோர்கள், அந்தத் தூதுவர்களை வழியிலேயே மறித்துவிட்டார்கள். காது செவிடானது, மரங்கள் மார்க்கண்டேயர்களாயின.

மனிதர்களுக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. முந்நூறு பேர் ஒரே கூரைக்கடியில் இருந்தால் வாய்ச்சண்டை வராமலா இருக்கும்? ஆளுக்கொரு இன்செவி பொருத்தினார்கள். மனம் நோகும் சொல்லை அது உள்ளே விடாது. அந்த இடத்தில், பேசுபவர் குரலிலேயே, இதமாக ஒன்றை வைக்கும். பேச்சு பிடித்ததா, மணிக்கட்டைத் தட்டினால் போதும், பேசியவருக்கு ஓர் இதயம் போய்ச் சேரும். அப்புறம் சண்டையாவது, சச்சரவாவது!

தமயந்தி தற்செயலாகத்தான் காற்றுமானியைப் பார்த்தாள். கனிவாயு வழக்கத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு. அத்தனை மரமும் ஒருசேரக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் காது கேட்கவில்லை. பச்சைப்பசேலென்று, அசையாமல் நின்றன. ஒரு மரத்தைத் தள்ளினாள். குழைந்த சோற்றில் செருகிய கரண்டி மாதிரி சாய்ந்தது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. முந்நூறு பேரும் மூச்சுவிடுவது இந்த மரங்கள் தரும் காற்றில்.

மேற்பார்வையாளர் இருதயராஜிடம் ஓடினாள். “சார், வேரெல்லாம் அழுகிப்போச்சு! மரம் செத்தா நாம எல்லாரும் மூச்சு முட்டிச் சாகணும்!”

“அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. உன் கைராசி அப்படி,” என்று முகமெல்லாம் சிரிப்பாக அவர் மணிக்கட்டைத் தட்டினார்.

அவர் காதில் விழுந்தது தான் சொன்னதல்ல என்று அவளுக்குப் புரிந்தது. காதுக்குப் பின்னால் நகத்தால் நெம்பி, தன் இன்செவியைப் பிடுங்கி எறிந்தாள். ரத்தம் வழிய வடிகாலுக்குள் இறங்கினாள். அங்கே அவள் கணவன் ஞானதுரை முழங்கால் தண்ணீரில் நின்றான். ஈரத்தில் இன்செவி கெட்டுவிடும் என்று அவனுக்கு மட்டும் அது கிடையாது.

“ஏங்க, வேரெல்லாம்...”

“இப்பவாவது கேட்டுச்சா ஒனக்கு? வடிகால் அடைச்சிருக்கு, வேரு முங்குது, அள்ளிப்போட நூறு பேராவது வேணும், மேல சொல்லுட்டின்னு நாப்பது நாளா கத்துறேன். நீ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே ‘நானும் சாப்பிட்டேங்க’ங்கிற!”

நாற்பது நாளாக அவளுக்குக் கேட்டது ‘சாப்பிட்டியா தமயந்தி’ மட்டும்தான். மனுஷனுக்கு இத்தனை ஆசையா என்று பூரித்துப்போயிருந்தாளே, பாவி!

எழுதிக் காட்டலாமென்றால், குடியேற்றத்தில் வாசிப்பை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. காலைக் கூட்டத்தில் இருவரும் மேடையேறினார்கள். தமயந்தி அழுகிய வேரை உயர்த்திப் பிடித்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“சாகப்போறோம்! எல்லாரும் வடிகாலுக்கு வாங்க! ஐயோ, காதுல இருக்கிறதைப் பிடுங்கிப் போடுங்க!”

கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது. “புதுக் கிழங்கு வெளைஞ்சிருக்காம்ல!” என்று முன்வரிசைப் பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

தமயந்தியின் மணிக்கட்டு துடிக்கத் தொடங்கியது. நூறு, இருநூறு, கடைசியில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு இதயங்கள். பிறந்ததிலிருந்து அவள் இத்தனை வாங்கியதே இல்லை. அழுகிய வேரைக் கையில் பிடித்தபடியே மணிக்கட்டில் மின்னிய அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

ஞானதுரை அவள் முகத்தையே பார்த்தான்.

“ஏட்டி, எதுக்குச் சிரிக்க?”