கையில் எரிந்த ட்யூப்லைட்

மதியம் 2.10. எலக்ட்ரீஷியன் அக்காவின் கையிலிருந்த புது ட்யூப்லைட் தானாக எரிந்தது. வயரே இல்லை. வெறும் கை.

அவள் சட்டெனத் திரும்பினாள். எதிரே ரேடியோ கோபுரம். அந்த இரும்பு முழுக்கவே ஆன்டெனா. அதன் அலை பட்டுத்தான் ட்யூப் எரிகிறது. யாரோ டிரான்ஸ்மிட்டர் மெஷினை ஓடவிட்டிருக்கிறார்கள்! கோபுரத்தில் போல்ட் முடுக்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. கரண்ட் கம்பியில் உட்கார்ந்த பறவை மாதிரி, அதில் தொற்றிக்கொண்டிருக்கும்வரை பிழைப்பான். ஒரு கால் மண்ணில் பட்டால் முடிந்தது கதை.

"டேய், அப்படியே நில்லு! கரண்ட் ஓடுது! கீழ கால வச்சுடாத!"

"விளையாடுறியாக்கா? மெஷின் ரூம் சாவி என் பாக்கெட்லதான் இருக்கு!"

"தூக்கிப் போடுடா!"

"கைய எடுத்தா விழுந்துடுவேன்க்கா... காலு உதறுது."

குதிக்கவும் வழியில்லை. சுற்றிலும் கூர்வைத்த வேலி.

மெயின் ஸ்விட்சும் பூட்டிய மெஷின் ரூமுக்குள்தான். வெளியிலிருந்து மெஷினை ஓட்ட ஒரே வழிதான். ஸ்டுடியோவுக்கு மண்ணுக்கடியில் அவள் இழுத்த ரிமோட் வயர். காலையில் அதன் முனைகளை இணைக்காமல் வராந்தாவில் விட்டிருந்தாள்.

2.13. சர்ச் சபைக்காரர்கள் லீவு நாளில் சம்பளமில்லாமல் கட்டும் நிலையம் அது. இன்று உள்ளே மூன்றே பேர். விட்ட இடத்தில் வயரைக் காணோம்.

வராந்தாவில் தச்சர் ட்ரில் ஓட்டிக்கொண்டிருந்தார். "நான் பலகை அடிக்க வந்தப்பவே அங்க வயர் இல்லம்மா."

பெயிண்டர் ஏணியில் நின்றபடி, "பிரஷ்ஷத் தவிர எதையும் தொடல, தாயே!" என்றார்.

ஸ்டுடியோ கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. உள்ளே மைக் மாமா. நிலையத்தின் வருங்கால அறிவிப்பாளர். சட்டையைப் பிழியலாம்.

"அசந்து தூங்கிட்டேன்மா. என்ன சத்தம்?"

அவள் நிமிர்ந்து, நின்றிருந்த ஃபேனைப் பார்த்தாள். "நீங்கதான் மாமா. வயர் எங்க?"

"நானா?"

"வெளிய ட்ரில் ஓடுது, கரண்ட் இருக்கு. இந்த வேக்காட்டுல ஃபேன நிறுத்திட்டு யாரு தூங்குவா? மைக்ல பேசுறவங்கதான் இரைச்சல் விழும்னு நிறுத்துவாங்க. தம்பி இன்னும் கோபுரத்துல நிக்கிறான் மாமா!"

"ஐயோ! இறங்கிட்டான்னு நெனச்சேனே!" மேஜைக்கடியில் கைவிட்டு வயரைப் பிடுங்கினார்.

2.17. ட்யூப் அணைந்துவிட்டதை இரண்டு தரம் பார்த்தபிறகே அவள் கையசைத்தாள். தம்பி மண்ணில் கால்வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மாமா அவன் முன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்டா. ஒரு தடவயாவது ரேடியோல என் குரலக் கேக்கட்டும்னுதான்..."

அவர் போன் அடித்தது. எடுத்தார். அழுகை நிற்கவில்லை.

"ஏன்டா, நல்லாத்தானே பேசிட்டிருந்த? பாதியில நிறுத்திட்ட?" அம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

தம்பி போனை வாங்கினான். கம்பியைப் பிடித்த விரல்கள் இன்னும் சரியாக நிமிரவில்லை.

"சின்ன கரண்ட் பிரச்சினைம்மா," என்றான். "இப்ப சரியாயிடுச்சு."