நாலாவது குழி

மெஹர் நிஷாவின் கார் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. டல்லாஸின் ஆகஸ்ட் வெயிலில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் பழுப்பு நிறக் கவரோடு இறங்கினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"போலீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்கண்ணே. வீட்ல வெச்சுக்க முடியல."

ஷம்சுதீன் அவளுடைய கணவன். கார்லண்டில் கேஸ் ஸ்டேஷன் கடை நடத்தினான். மே மாதம் கொள்ளையடிக்க வந்தவனிடம் இந்தக் கவரில் இருக்கும் ரிவால்வரை நீட்டி விசையை அழுத்தினான். சுடவில்லை. வந்தவன் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

"பயத்துல கை நடுங்கி அவருதான் ஏதோ தப்பா பண்ணிட்டாருன்னு எல்லாரும் பேசுறாங்க. எங்க பொண்ணு பர்வினும் அதையே நம்புறா. நீங்கதானே டெஸ்ட் பண்ணிக் குடுத்தீங்க? ஏன் சுடலைன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. அது போதும் எனக்கு."

ஆமாம், நான்தான் டெஸ்ட் பண்ணினேன். சாஃப்ட்வேரில் பிழை பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. எனக்கென்று நான் பழைய துப்பாக்கியாக வாங்கியது அது. அவன் கடையில் ஒருமுறை திருட்டு நடந்ததும், "நீயே வெச்சுக்கடா" என்று பெரிய மனுஷன் மாதிரி தூக்கிக் கொடுத்தேன். அதற்கு முன் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்கு அவனை அழைத்துப்போய் பன்னிரண்டு தோட்டா சுட்டுக் காட்டினேன். இரண்டு மட்டும் 'டிக்' என்றதோடு நின்றுவிட்டன. அதே தோட்டாக்களை மறுபடி அடித்தபோது வெடித்தன.

"அண்ணே, ரெண்டு சுடலையே?"

"தோட்டா பழசுடா. ஒண்ணுமில்ல."

ஆபீசில் நேரமில்லாதபோது 'பிழை மறுபடி வரவில்லை' என்று எழுதி மூடிவிடுவேன். அப்படித்தான் இதையும் மூடினேன். தூ, நானெல்லாம் ஒரு டெஸ்டர்.

அன்று மத்தியானமே ரேஞ்சுக்குப் போனேன். சிலிண்டரில் தோட்டா போடுகிற ஆறு குழிகளுக்கும் என் மனைவியின் நெயில் பாலிஷால் ஒன்றிலிருந்து ஆறு வரை புள்ளி வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று வெடித்தன.

நாலு, டிக்.

மறுபடி அடித்தேன். வெடித்தது. தோட்டாவை மாற்றிப் பார்த்தேன், ஆளில்லாத பக்கத்து மேடைக்கு நகர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாலாவது குழி மட்டும்தான்.

காரணம் கண்ணுக்கே தெரிந்தது. யாரோ தோட்டா போடாமல் வெறுமனே அடித்து அடித்து, தோட்டாவை அடிக்கிற ஊசி பட்ட இடத்தில் குழியின் விளிம்பு பிதுங்கியிருந்தது. தோட்டா முழுசாக உள்ளே இறங்கவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிவிடும். இரண்டாவது அடியில்தான் வெடிக்கும்.

யாரோ என்ன யாரோ. டிவி பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் சொடுக்கிக்கொண்டிருந்தவன் நான்தான்.

கராஜுக்கு வந்து கதவை இறக்கினேன். சிலிண்டரைத் தனியாகக் கழற்றி வைஸில் கவ்வவைத்து, சின்ன அரத்தால் அந்தப் பிதுக்கத்தை ராவ ஆரம்பித்தேன். ரிப்பேர் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தடயத்தை அழித்துக்கொண்டிருந்தேன்.

அத்தர் வாசனை வந்தது.

பெட்ரோலும் கிரீஸும் நாறுகிற கராஜில் ரோஜா அத்தர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறபோது ஷம்சுதீனிடம் வீசுகிற அதே வாசனை.

டிக்.

மேஜையைப் பார்த்தேன். சிலிண்டர் இல்லாத துப்பாக்கி அங்கே தனியாகக் கிடந்தது.

டிக்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக்காற்று படுகிற தூரத்தில், மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, ரெண்டு சுடலையே?"

அப்போதாவது அரத்தைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கடைசிவரை ராவி முடித்தேன். திரும்பவும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டேன். ஆறும் ஒழுங்காக வெடித்தன.

சாயங்காலம் மெஹர் நிஷாவுக்கு ஃபோன் செய்தேன்.

"துப்பாக்கில ஒரு கோளாறும் இல்லம்மா. நல்லாத்தான் சுடுது."

"அப்ப அவருதானா..." என்றாள். பின்னால் பர்வின் அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தாங்காமல் ஃபோனை வைத்துவிட்டேன்.

கராஜில் சீல் பிரிக்காத புதுத் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது. ஏனென்று தெரியாமல் அதைப் பிரித்தேன். ஐம்பது தோட்டா. ஐம்பதின் விளிம்பிலும் ஒரே ஒரு அடி, ஊசி பட்ட தடம்.

ஓடிப்போய் மறுபடி ஃபோன் போட்டேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன், சத்தியமாக. பர்வின் எடுத்தாள்.

"ஹலோ? நஞ்சுண்டன் அங்கிள்?"

வாயைத் திறந்தேன். உங்க அப்பா மேல தப்பில்லம்மா என்கிற நாலு வார்த்தைதான். வரவில்லை. வெட்கங்கெட்டவனுக்கு அப்போதும் தன் மானம்தான் பெரிதாக இருந்தது.

"அங்கிள், ஆர் யூ தேர்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், வாட்ஸ் தட் க்ளிக்கிங்?"