சின்சூ தெருவில் கேட்ட வெடி

கற்பகவல்லி செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தார். உட்காரவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்துச் சீனிவாசகத்தின் பக்கமாகத் தள்ளினார்.

"அண்ணாச்சி, என் மூத்த மக உசுரோட இருக்காளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

சீனிவாசகம் கைபேசியைத் தொடவில்லை. "முதல்ல உக்காருங்கம்மா. பாண்டி, தண்ணி கொடு."

பாண்டிலட்சுமி தண்ணீர் கொடுத்தாள். சீனிவாசகத்திடம் உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு நான்கு வருடமாகிறது. பட்டாசு ஆலைத் தீ விபத்துகளை ஆராய்ந்து காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது சீனிவாசகத்தின் பழைய தொழில். சாம்பலைப் பார்த்து, எந்த மூலையில் முதலில் பற்றியது என்று சொல்லிவிடுவார். இப்போது விருதுநகரில் மாடியில் ஒரு அறை, வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்பு. இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததுமே இது அந்த ரகம் இல்லை என்று பாண்டிலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளூர ஒரு பரபரப்பு வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கற்பகவல்லி சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார். கணவர் இல்லை. மூத்தவள் ஸ்ரீமதியை ஸ்ரீராம்குமார் என்ற சிப் கம்பெனி இன்ஜினியருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அவர்கள் குடியிருப்பது தைவான் தீவில், சின்சூ என்ற ஊரில். இளையவள் ஐஸ்வர்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரிய பட்டாசுக் குடும்பம்.

"ஒண்ணரை மாசமா வீடியோ கால்ல முகம் பார்த்துப் பேசல அண்ணாச்சி. இன்டர்நெட் சரியில்லங்கா. எடுத்து அனுப்புத வீடியோவும் குரல் பதிவும்தான் வருது. தங்கச்சி கல்யாணத்துக்கே வர முடியாதுங்கா. மாப்பிள்ளைக்கு அடிச்சா எடுக்கதில்ல, 'அவள் நலம்'னு எழுதி அனுப்புதாரு. அவரு ஒருநாளும் என்கிட்ட எழுத்துல பேசுனவரு இல்ல."

அவர் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அந்தத் தெருவை நேரில் பார்த்ததில்லை; ஆனால் தன் சொந்தத் தெருவைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். ஒரு சின்னக் கார் நுழையும் அகலம். இருபுறமும் ஒட்டி ஒட்டி மாடி வீடுகள், சன்னல் தோறும் கம்பிக்கூண்டு, கூண்டுக்குள் காயப்போட்ட துணி. மழை விட்டும் ஈரம் போகாத சுவர்கள். வாசலெல்லாம் ஸ்கூட்டரும் தொட்டிச் செடியும். சாயங்காலமானால் மஞ்சள் நிறக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தெரு முழுக்கப் பையும் கையுமாக வெளியே வந்து நிற்கும். எதிர்வீட்டில் லின் அம்மாள். அவள் மதிலோரம் ஒரு பப்பாளி மரம்.

"இது போன வருசத்து வீடியோ. இதப் பார்த்தா எனக்குச் சிரிப்பு அடங்காது."

ஏதோ சாமி ஊர்வலம். தெருமுனையில் சரம் சரமாக வெடி. ஸ்ரீமதி 'யம்மா' என்று துள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். லின் அம்மாள் கூட்டுவதை நிறுத்தாமல் அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்து வீட்டு டிவி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கிறது.

"அங்கன வாரத்துக்கு ஒரு கோயில் வெடி. சிவகாசிக்காரி பயப்படுதான்னு லின் அம்மாவுக்கு ஒரே கேலி." கற்பகவல்லி சிரிக்கவில்லை. "இப்ப அவளுக்கும் என்னமோ ஆயிருச்சு போல. ஒரு பழத்த அணில் தொட விடமாட்டா. இப்ப வர்ற வீடியோவுல பாருங்க, பப்பாளி பழுக்கத் தொடங்கி நிக்குது, பறிக்கவே காணோம்."

சீனிவாசகம் அப்போதுதான் கைபேசியைக் கையில் எடுத்தார். "கடைசியா வந்த குரல் எது?"

"செவ்வாக்கிழமை மத்தியானம் வந்தது. அன்னைக்குத்தான நம்ம புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைல மருந்து ரூம் வெடிச்சுப்போச்சு. அந்தப் பதட்டத்துல நான் ராத்திரிதான் கேட்டேன்."

ஸ்ரீமதியின் குரல் வந்தது. "அம்மா, நல்லாத்தான் இருக்கேன். நீ கேட்டியே, ஐஸுக்குப் பச்சைப் பட்டே எடு, அரக்கு வேண்டாம்..." பின்னால் மிக்சி ஓடியது. யாரோ துணி துவைத்தார்கள். டொம் என்று ஒரு சத்தம். சற்றுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கோயில் வெடிம்மா. சாமி வருது. அப்புறம் பேசுதேன்."

சீனிவாசகம் பப்பாளி தெரியும் வீடியோக்களை வரிசையாக ஓட்டினார். மாசத் தொடக்கத்தில் வந்தது, நடுவில் வந்தது, முந்தாநாள் வந்தது.

"பாண்டி, உனக்கு என்ன தெரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். அடிக்காயில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். மூன்றிலும் அதே விரல் அகலம். "சார், அதுக்கு மேல பழுக்கவே இல்லையே! இம்புட்டு நாள்ல அழுகி விழுந்திருக்கணுமே. எல்லாம் ஒரே சமயத்துல எடுத்தது."

"ஆமா."

"அப்ப குரல்? இப்பல்லாம் யார் குரலையும் கம்ப்யூட்டர்லயே செஞ்சிருதாங்களே..." சொல்லி முடிக்கும் முன்பே பாண்டிலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கற்பகவல்லியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் சேலையில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "வீடியோ பழசு. குரல் பொய். அப்ப என் மக எங்க? கொன்னுட்டானா?"

சீனிவாசகம் செவ்வாய்க்கிழமைக் குரலை மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அன்னைக்குப் புதுப்பட்டி வெடி கேட்டதும் நீங்க யார் யாருக்குப் போன் பண்ணீங்க?"

"முதல்ல எங்க லோடு வண்டி டிரைவருக்கு. அவன்தான் அந்தப் பக்கம் போயிருந்தான். அப்புறம் ஐஸ்வர்யாவுக்கு. சூலக்கரைல ஆபீஸ், அவளுக்குச் சத்தம் கேட்டிருக்காது. ஆனா செய்திதான் போன்ல உடனே வந்துருதே, அவளே என்னைக் கூப்பிடுவான்னு பார்த்தேன். கூப்பிடல. நான் அடிச்சா லைன் பிசி. கொள்ள நேரம் பிசி."

சீனிவாசகம் எழுந்தார். "உங்க மக உசுரோட இருக்கா. செவ்வாக்கிழமை மத்தியானம் நல்லா இருந்தா. மிச்சத்த உங்க வீட்டுல வச்சுப் பேசுவோம். ஐஸ்வர்யா வீட்டுல இருக்கட்டும்."

மூவரும் காரில் சிவகாசிக்குக் கிளம்பினார்கள். நம்பலாமா வேண்டாமா என்று கற்பகவல்லியின் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தன. பாண்டிலட்சுமிக்கும் அதே சந்தேகம்தான். வழியில் அவள் அந்தக் குரலைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஐஸ்வர்யா கூடத்தில் நின்றிருந்தாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. சீனிவாசகம் முதலில் ஸ்ரீராம்குமாரைக் கூப்பிட்டார். தெரியாத எண் என்பதாலோ என்னவோ, அவன் எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டார்.

"தம்பி, ஸ்ரீமதிகிட்ட கொஞ்சம் கொடுங்க."

"அவ தூங்குறா. நல்லாத்தான் இருக்கா. நீங்க யாரு?" இணைப்பு அறுந்தது.

"பார்த்தீகளா?" என்றார் கற்பகவல்லி.

"பார்த்தேன். பொய்தான். ஆனா பழைய வீடியோவ எடுத்தது அவன் இல்ல. எல்லாத்துலயும் உங்க மக குரல் கேக்குது, சிரிக்கா, லின் அம்மாவுக்குக் கை காட்டுதா. அவளாத்தான் எடுத்திருக்கா. ஒரே வாட்டியா எடுத்து வச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா விட்டிருக்கா. தீவாளி ஒருநாள் வித்துப்போறதுக்கு வருசம் பூரா ஸ்டாக் போடுத ஊர்ல பொறந்தவ. அப்படித்தான் யோசிப்பா."

"எதுக்கு?"

"அந்தத் தெருவுல தான் இல்லாதப்பவும் இருக்குத மாதிரி காட்டணும். அதுக்குத்தான். ஆனா வீடியோவுல நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியாது. பதிலெல்லாம் குரல்ல வருது. குரல் அன்னன்னைக்குப் பேசுனது."

பாண்டிலட்சுமியால் அடக்க முடியவில்லை. "சார், அதையும் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கலாமே?"

"நீ அதைக் கேட்டியே, வெடிச்ச பெறகு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"அதான். மிக்சி ஓடிக்கிட்டு இருந்தது. துணி துவைச்சாங்க. டொம்முனு ஒரு வெடி. மிக்சி நின்னுபோச்சு. துவைக்கிற சத்தம் நின்னுபோச்சு. அக்கம்பக்கம் அம்புட்டுப் பேரும் எந்தப் பக்கம்னு காது கொடுத்து நின்னாங்க. குரலச் செய்யுதவனுக்கு இதையும் செய்யணும்னு தோணாது." அவர் குரல் உயரவில்லை. "போன வருசம் சின்சூவுல சரவெடி வெடிக்குது, அந்தம்மா கூட்டுறத நிறுத்தல. டிவி நிக்கல. துள்ளுனது உங்க மக ஒருத்திதான். கோயில் வெடிக்குப் பழகுன தெரு அது. ஒரு வெடிக்குத் தெருவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது உலகத்துல எங்க?"

பாண்டிலட்சுமி பிறந்தது சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம். வெடிச்சத்தம் கேட்டதும் அடுப்பங்கரையில் கரண்டி நிற்பதை விவரம் தெரிந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தவள். அதனால்தான் அது அவள் காதில் விழவேயில்லை. கற்பகவல்லிக்கும் விழவில்லை.

"இங்கனயா?" என்றார் கற்பகவல்லி. "என் மக இங்கனயா இருக்கா?"

"அந்தக் குரல் வந்த நேரத்தப் பாருங்க. புதுப்பட்டி வெடிச்ச அதே நேரம். பேசிக்கிட்டு இருக்கும்போதே வெடிச்சுப்போச்சு, கோயில் வெடின்னு சமாளிச்சிட்டா. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவ இங்க நிக்கா." அவர் ஐஸ்வர்யாவின் பக்கம் திரும்பினார். "வெடிச்ச செய்தி வந்தா, சத்தத்துக்கு யாரு கிட்ட இருக்காங்களோ அவங்களுக்குத்தான் நம்ம ஆட்கள் முதல் போன் போடுவாங்க. உங்கம்மா டிரைவருக்குப் போட்டாங்க. அந்நேரம் உன் லைன் பிசியாவே இருந்திருக்கு. உனக்கு அம்மாவவிடக் கிட்ட அந்தப் பக்கம் யாரும்மா இருக்கா?"

ஐஸ்வர்யா பத்திரிகைக் கட்டுகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, வாயத் திற!" என்றார் கற்பகவல்லி.

"விஸ்வநத்தத்துல. யோகேஸ்வரி வீட்டு மாடில." அக்காவின் கல்லூரித் தோழி அவள். "அத்தான் போன வருசமே வேற ஒருத்தியோட வேற வீடு போயிட்டாரும்மா. அக்கா அந்தத் தெருவுலயே தனியா இருந்தா. லின் அம்மாதான் சோறு கொடுத்துப் பார்த்துக்கிட்டாக. அவரோட விசாவுலதான் அவளும் இருந்தா, அதுவும் முடிஞ்சுபோச்சு. திரும்பி வந்துட்டா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"மூத்தவ வாழாம வந்துட்டான்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாகளோன்னு... உன் தாலி ஏறட்டும், அப்புறம் வாரேன்னா. அத்தானையும் அப்படியே சொல்லச் சொல்லிட்டா. அவருக்கும் அதுதான் வசதி. நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். என் கல்யாணத்த மாடில ஒளிஞ்சுக்கிட்டு போட்டோல பார்ப்பாளாம்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

கற்பகவல்லி அவளை அடிப்பார் என்று பாண்டிலட்சுமி நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து இளையவள் மடியில் போட்டார். "மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வண்டில ஏறு."

விஸ்வநத்தத்தில் மாடிப்படி குறுகலாக இருந்தது. கதவைத் திறந்த ஸ்ரீமதி மெலிந்திருந்தாள். தாயைப் பார்த்ததும் முதலில் அவள் பார்வை போனது தங்கையிடம். "ஏன்டி சொன்ன? இன்னும் கொஞ்ச நாள்தானே."

கற்பகவல்லி மகளின் இரு கன்னத்தையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணில் ஏதோ விழுந்த குழந்தையைப் பார்ப்பது போல.

"உனக்குக் காரியம் பண்ணணுமோன்னு ஒண்ணரை மாசம் தூங்காமக் கிடந்தேன். கொஞ்ச நாளாம்ல."

"அம்மா, மாப்பிள்ளை வீட்டுல..."

கற்பகவல்லி கைபேசியை எடுத்தார். படிக்கட்டில் நின்றபடியே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டார். ஐஸ்வர்யா அவர் கையைப் பிடிக்கப் போய், பாதியில் நின்றாள்.

"மதினி, ஒரு விசயம். மூத்தவ ஊருக்கு வந்துட்டா. புருசன் விட்டுட்டான். கல்யாணத்துல தங்கச்சி பக்கத்துல அவதான் நிப்பா. வேற யார் வாயாலயும் தெரியக்கூடாது பாருங்க, அதான் நானே சொல்லுதேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று பாண்டிலட்சுமிக்குக் கேட்கவில்லை. கற்பகவல்லி 'உம்' கொட்டினார். மறுபடியும் 'உம்' கொட்டினார். "சரி, யோசிச்சே சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

"என்னம்மா சொன்னாக?" என்றாள் ஐஸ்வர்யா.

"கலந்து பேசணுமாம். பேசட்டும். நீ பயந்தா பயந்துக்கோ, அதுக்காக இவள இங்கன விட்டுட்டு வர முடியாது."

ஐஸ்வர்யா அக்காவைத் தாண்டி உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த அவள் பெட்டியை இழுத்தாள். அது கனமாக இருந்தது. பாண்டிலட்சுமி மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.