முதல் உடம்பு

எங்கள் வீட்டில் காலை என்பது பல்லியின் நீல விளக்கு எரிவதோடுதான் தொடங்கும். கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கருவிக்கு, எங்கள் பட்டறைக்குப் பணம் கொடுத்த நிதியத்தார் வைத்த பெயர் ‘இல்ல உணரி’. எங்கள் கணபதிப் பகுதியில் பட்டறைக்காரர்கள் எல்லாரும் பல்லி என்றுதான் சொல்வோம். வீட்டு வெப்பத்தை அளக்க வந்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பினேன். கோயம்புத்தூரில் விடியும்போதே வெயில் தோலை உரிக்கிற காலத்தில் இதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

விளக்கு எரிந்ததும் பூவரசி அண்ணி முதல் காப்பியை எனக்குத்தான் கொண்டுவருவார். “ராத்திரி தூங்குனீங்களா தம்பி? கண்ணெல்லாம் செவந்து கெடக்குதே” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவருடைய மகள் நறுமுகைக்கு இதெல்லாம் கிடையாது. பன்னிரண்டு வயசுப் பெண்ணின் பக்கம் தட்டைத் தள்ளிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், “தின்னுட்டுக் கெளம்பு” என்பார். ஒரு தடவை அவள் காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி தெருவில் போய் நின்றுகொண்டார். விடியும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

அண்ணன் போன துக்கம்தான் இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்படியே அப்பன் ஜாடை. அண்ணன் மின்வாரிய வேலைக்காகக் கம்பத்தில் ஏறியவர், வெப்ப அலையில் மேலேயே மயங்கி, இடுப்புப் பட்டையில் தொங்கியபடி செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் அண்ணி குளிர்நாளத்தைச் செய்யத் தொடங்கினார். கட்டைவிரல் அளவுப் பம்பு அது. காறையெலும்புக்குக் கீழே தைத்துவிட்டால், உடம்பு கொதிக்கும்போது ரத்தத்தைக் குளிர வைக்கும். ஊருக்கெல்லாம் கிணற்று மோட்டார் செய்து கொடுத்த பட்டறையில் இப்போது உடம்புக்கு மோட்டார் என்று நான் கேலி செய்வேன். அண்ணி வரைந்து கொடுப்பார், நான் லேத்தில் கடைந்து பூட்டுவேன்.

வங்கிகள் கையை விரித்தன. பணம் கொடுத்தது சிறுதொழில் ஆய்வு நிதியம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் முதற்கட்டப் பணம் கேள்வி இல்லாமல் வந்தது, கூடவே பல்லியும். இரண்டாம் கட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்துப் போட்டவரின் வீட்டிலிருந்து ஒருவர், ஒரு கோடை முழுக்க அந்தப் பொருளைத் தன் உடம்பில் பொருத்திக்கொண்டு இருக்க வேண்டும். அவருக்கு ‘முதல் உடம்பு’ என்று பெயர். முதற்கட்டப் பணத்தைத் தொட்டவர்கள் விலகிக்கொள்ள முடியாது. ஆளை நிதியமே தேர்ந்தெடுக்கும். குலுக்கல் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டது அண்ணி என்பதால், எங்கள் வீட்டில் குலுக்கிப் போட நானும் நறுமுகையும் மட்டும்தான்.

தெருவில் பல்லி ஒட்டிய மற்ற வீடுகளும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தன. வார்ப்படப் பட்டறை ரங்கராசு, மாமியார் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றிருந்த மனிதர், திடீரென்று அந்த அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக் காலை அமுக்கிவிட ஆரம்பித்தார். மனைவியை நாலு பேர் பார்க்கக் கரித்துக் கொட்டினார். “பல்லி வந்த வேள, மாமியாளுக்கு ராஜயோகமாட்ட இருக்குதுங்ணா” என்றேன். அவர் சிரிக்கவே இல்லை.

எனக்கு அப்போது இருந்த பயமெல்லாம் வால்வைப் பற்றியது. உடம்பு தணிந்ததும் அது தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் ரத்தம் குளிர்ந்துகொண்டே போகும். குளிர்நாளம் தைத்துச் சித்திரை வெயிலில் கட்டியிருந்த ஆடு ஒன்று விறைத்துச் செத்ததை நான் பார்த்தேன். தூக்கினபோது சுற்றிலும் அனல், அதன் வயிறு மட்டும் சில்லென்று இருந்தது. அண்ணி வால்வை மாற்றி மாற்றிச் செய்தார். கடைசியாகச் சோதித்த ஆடுகளில் ஒன்று தவிர எல்லாம் பிழைத்தன. அந்த ஒன்று எதனால் செத்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பங்குனி கடைசியில் நிதியத்து அலுவலர் மாசிலாமணி வந்தார். வாசலில் மருத்துவ வண்டி நின்றது. நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“மொதல் ஒடம்பு நீங்கதானுங்க” என்றார் என்னிடம்.

“குலுக்கல்ல எம்பேரா வந்துச்சுங்க?”

“குலுக்கலெல்லாம் இல்லீங்க. முடிவாயிருச்சு, இனிச் சொல்லலாம். தன் உசுரப் பணயம் வெக்கறதுக்கு ஆளுக நெறைய இருக்கறாங்க. முன்னயெல்லாம் அரகொறையாச் செஞ்சதத் தாங்களே மாட்டிக்கிட்டு செத்தாங்க. அப்பறம் கூலிக்கு ஆளப் புடிச்சாங்க, அது அதவிடக் கேவலமாப் போச்சு. அதனால, செஞ்சவங்க ஆரு மேல உசுரா இருக்கறாங்களோ, அவங்க ஒடம்புலதான் மொதல்ல. இந்த விதி வந்ததுக்கப்பறம் கெட்ட சாமான் ஒண்ணுகூட வெளிய வந்ததில்லீங்க.”

“ஆரு மேல உசுருன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் பல்லியைப் பார்த்தார். “அது இந்தம்மாவோட நாடியப் பாக்குது. ஆரு பக்கத்துல வந்தா துடிப்பு ஏறுது, ஆரக் கண்டா மூச்சு எளகுதுன்னு. கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டுந்தான் இது தெரியும். வூட்ல சொல்லக் கூடாதுன்னு சட்டம்.”

காப்பி, நெற்றியைத் தொட்ட கை, ரங்கராசுவின் மாமியார் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கின. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் போல என்னை மூன்று வருடமாக வளர்த்திருக்கிறார். சொந்த அண்ணி.

“எல்லாம் நடிப்புங்களா அண்ணி?”

அண்ணி தரையைப் பார்த்தபடி நின்றார். “அவ எம்புள்ளைங்க தம்பி. எனக்கு வேற வழி தெரியல” என்றார்.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “தப்பா நெனச்சுக்காதீங்க. நடிப்பெல்லாம் இதுகிட்ட எடுபடாதுங்க. இந்தத் தெருவுல எல்லாருந்தான் பண்றாங்க, எங்களுக்குத் தெரியாதுங்களா? மாமியாளுக்குக் காலமுக்கறவரு நாடி, சம்சாரம் உள்ள நொழஞ்சதும் எகிறுது. அவரு வூட்ல சம்சாரம் பேருதான் வந்திருக்குது.”

கைத்திரையை விரித்து மேசை மேல் வைத்தார். இரண்டு கோடுகள், நறுமுகைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்று உச்சியில் இருந்தது, மற்றொன்று தரையோடு கிடந்தது. மேலே இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, கீழே கிடந்தது ஏறிக்கொண்டே வந்தது. போன ஆடியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டியிருந்தன.

அண்ணி குனிந்து திரையைப் பார்த்தார். “மிஷினு தப்பாச் சொல்லுது. மறுபடி பாருங்க.”

“பாத்தா பேரு மாறுனாலும் மாறலாங்க. பாக்கட்டுங்களா?”

அண்ணி வாயைத் திறந்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “வேண்டாங்க” என்றார்.

“அதுல நான் எந்தக் கோடுங்க?”

சமையலறைக் கதவருகே நறுமுகை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மாசிலாமணி திரையை மடித்தார். அவரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. முன்பே தெரிந்ததைப் போலத் தலையை மட்டும் ஆட்டினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். நான் பார்த்து மூன்று வருடத்தில் முதல் தடவை. “சாமி, உன்னக் காப்பாத்தத்தான் சாமி” என்று அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். நறுமுகை கைகளைத் தொங்கப் போட்டபடி, கட்டிப்பிடிப்பது முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அண்ணியின் கைகளைக் கவனித்தேன். மகளின் முதுகுக்குப் பின்னால், வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தன் நாடியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். வால்வு, செத்த ஆடு எதுவும் அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. அந்த நாடி ஏற வேண்டும் என்று அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன். ஏறிவிடக் கூடாது, மேல் கோடு என்னுடையதாகவே இருக்கட்டும் என்றும் உள்ளே ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அண்ணி விரலை எடுக்கவே இல்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உடுங்கம்மா,” என்றாள் நறுமுகை, “சித்தப்பாவுக்கு நேரமாச்சு. அவரப் போயிப் பாருங்க.”