மூச்சைப் பிடித்த கோடு

மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணியும் கொழுந்தனும் நிலவறை ஆய்வகத்துக்குள் நுழைந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. நாளைக் காலை எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அவள் கணவர் பாதியில் விட்டுப்போன அளவீட்டை முடிக்க இன்று மாலை வரைதான் நேரம்.

கண்ணாடி மூடிக்குள் லேசர் துடித்தது. நினைத்துப்பார்க்க முடியாத அளவுக்குக் குறுகிய துடிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒளி அலையின் முகடு அதே இடத்தில் நிற்க வேண்டும். காற்று லேசாக அசைந்தாலும் அது நழுவும். திரையில் கோடு வளையும்.

அதற்காகவே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். ஆஸ்துமாக்காரர். மருந்துப் புகை ஆடிகளில் படியும் என்று இன்ஹேலரை வெளியே வைத்துவிடுவார். அப்படித்தான் ஒருநாள் இதே மேசைமேல் சாய்ந்தார்; பிறகு எழவே இல்லை.

கோடு வளைந்தது. ஏறியது, நடுவில் சிக்கியது, மெல்ல இறங்கியது.

"தம்பி, மூச்சு விடுறியா?"

"விடாம? நான் என்ன சிலையா அண்ணி?"

"வெளிய போய் விடு."

அவன் போனான். அவள் தன் மூச்சை அடக்கினாள்.

ஏறியது. சிக்கியது. இறங்கியது.

எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்து அவள் கேட்ட மூச்சு அது.

"என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "கொஞ்ச நேரம். எனக்காக."

கோடு நின்றது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவன் துள்ளினான். "நின்னுடுச்சு அண்ணி! எதையும் தொட்டுடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்!"

மருந்து வாசனை வந்தது.

மூடிக்கு உள்ளே யாரோ தட்டினார்கள். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக.

கோடு மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கேட்டதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் போலவே. மூடியைத் திறக்கக் கை நீட்டினாள்.

"அண்ணி, வேண்டாம்! அண்ணனோட உழைப்பெல்லாம் போயிடும்!"

"போகட்டும்டா. திணறுறார்."

மூடியைத் திறந்தாள். கோடு சிதறியது. கைப்பையில் இன்னும் சுமந்துகொண்டிருந்த இன்ஹேலரை எடுத்து ஆடிகளுக்கு நடுவே வைத்தாள்.

"போதுங்க. மூச்சு விடுங்க."

லேசரை அணைத்தாள். மூடியைச் சாத்திவிட்டு, கடவுளே, இவருக்கு இளைப்பாறுதல் கொடு என்று கைகூப்பினாள். கொழுந்தன் அழுதுகொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது.

சுருங்கியது.

மறுபடி, முன்னைவிடச் சீராக, படர்ந்தது.