சொன்ன மாதிரியே செஞ்சாச்சு, சேர்

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு, யட்டவத்த வீதியிலுள்ள தன் வீட்டுக் கிணற்றடியில், திறந்து கிடந்த தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் மகேந்திரராஜா செத்துக் கிடந்தார். வயது எழுபத்திரண்டு. வெறுங்கால், ஈரத் தரை, வலது மணிக்கட்டில் கருகிய ஒரு வடு. கையருகே மூடி கழற்றிய மார்க்கர் பேனா. சட்டைப் பையில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் வெளியே எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. பம்பில் வயர்கள் வந்து சேரும் சின்னப் பெட்டியின் உட்சுவரில், "14.06.2025. திருத்தியவர்: ஜவா" என்று எழுதியிருந்தது. எழுத்து அதோடு நின்றிருந்தது.

ஒன்பது மணிக்கு அந்த 'ஜவா'வின் மிச்சம் பொலிஸ் ஜீப்பில் வந்து இறங்கியது. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபேன், கிரைண்டர், பம்ப் திருத்தும் ஜவாஹிர். சனிக்கிழமை இந்தப் பம்பைத் திருத்திக் கொண்டுவந்து பொருத்தியதும் அவர்தான்.

சப் இன்ஸ்பெக்டர் நிரஞ்சனி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"நானா, செத்தவர் உங்க பேர எழுதிட்டுப் போயிருக்காரு. என்ன சொல்றீங்க?"

ஜவாஹிர் குனிந்து எழுத்தைப் பார்த்தார்.

"மிஸ், இது அவர்ட பழக்கம். எந்தச் சாமானத் திருத்தினாலும் உள்ளுக்குத் திகதியும் திருத்தினவன்ட பேரும் எழுதுவாரு. கூடத்து ஃபேனக் கழட்டிப் பாருங்க."

கழற்றிப் பார்த்தார்கள். மூடியின் உள்ளே நான்கு திகதிகள், நான்கு முறையும் ஜவாஹிர். அத்தோடு அவர் மீதிருந்த சந்தேகம் இறங்கியது. ஒரு நாற்காலி கூடக் கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜவாஹிருக்குப் போன வாரம் ஞாபகம் வந்தது.

அவருடைய கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழுதான சாமானோடு வருவார்கள். மீதிப் பேர் ஒரு பிரசங்கத்தையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர் ஃபேனுக்கு எத்தனை சுற்று கம்பி வேண்டும் என்பார். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர் திருப்புளியை வாங்கித் தானே காட்டித் தருவார். அவர்களோடு வாதாடி நாசமான நாட்கள் எத்தனையோ. கடைசியில் ஜவாஹிர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். தனக்குத் தெரிந்தபடி வேலையை முடிப்பார். சாமானைக் கொடுக்கும்போது, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாச்சு, சேர்" என்பார். வந்தவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார், சாமானும் ஓடும். மனைவி ஸுபைதாவுக்கு மட்டும் அது பிடிப்பதில்லை. "பொய்தானே அது?" என்று கேட்பாள். "பொய்யில்ல, மருந்து" என்பார் இவர்.

மகேந்திரராஜா அந்த ரகத்துக்கெல்லாம் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர்; அரசாங்கத்தில் வரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்ய வேண்டியதை ஒன்று, இரண்டு என்று தாளில் எழுதிக்கொண்டு வருவார். அதன் நகல் ஒன்று வீட்டுக் கோப்பில் இருக்கும். பம்புக்கு ஏழு அம்சங்கள். எழுதியது போதாதென்று உரத்து வாசித்தும் காட்டினார். ஜவாஹிர் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே தலையாட்டினார். மகேந்திரராஜா எண்ணெயைப் பற்றிச் சொன்னார், நாலாவதில் சுவிட்சைப் பற்றி ஏதோ சொன்னார். தாள் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் போனது.

ஒன்பது நாற்பது. நிரஞ்சனி, வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் அஜந்தாவைக் கூப்பிட்டார். அஜந்தா தாதியாக வேலை செய்கிறவள். கூச்சல் கேட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தவள், வேலைக்குப் புறப்பட்ட உடுப்போடு நின்றாள்.

"காலையில பின்வாசல் பக்கம் போனீங்களா?"

"ஏழேகாலுக்குப் போனேன். அது வழியாத்தான் வெளிய போகணும்."

"பம்ப் சுவிட்ச் அந்தச் சுவத்துலதான் இருக்கு."

"இருக்கு. நான் தொடல்ல."

"நேத்து அவரோட சண்டை."

"தண்ணி வரல்ல, கேட்டேன். தன்னோட டைம்டேபிள்படிதான் பம்ப் போடுவேன்னாரு. அவர்கிட்ட ஒண்ணும் கேக்க ஏலாது மிஸ். பின்வாசல் பல்ப் அணைச்ச பிறகும் மங்கலா எரியுதேன்னு ஒருநாள் கேட்டுட்டு, ஒரு மணித்தியாலம் அவரோட விளக்கத்தக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

நாற்காலியில் இருந்த ஜவாஹிர் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, அந்த பல்ப் புதுசா?"

"மூணு தடவை மாத்தியாச்சு நானா. எதப் போட்டாலும் அப்படித்தான்."

மகேந்திரராஜாவின் மனைவி சந்திரவதனா, ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசற்படியில் இருந்தபடியே பேசினார்.

"நான் ஓடிவரேக்க சுவிட்ச் அணைஞ்சுதான் கிடந்தது. அதுக்குப் பிறகுதான் மெயினை நிப்பாட்டினனான்."

நிரஞ்சனி மகேந்திரராஜாவின் கோப்பைத் திறந்து வாசித்தார். "நாலு: பின்பக்க லைனில் வயர்கள் இடம் மாறிக் கிடப்பதால், இரண்டு வயரையும் வெட்டும் சுவிட்ச் பொருத்தவும்." ஏழு அம்சங்களுக்கும் எதிரே சிவப்பு மையில் அவர் போட்ட 'சரி' அடையாளம். கீழே, "அனைத்தும் சொன்னபடி நிறைவேற்றப்பட்டது" என்று குறிப்பு.

"அப்போ சுவிட்ச் அணைஞ்சிருந்தா பம்புக்குக் கரண்ட் வர வழியே இல்ல. அவர் பெட்டிக்குள்ள கை வச்சிருக்கும்போது யாரோ போட்டுட்டு, திரும்ப அணைச்சிருக்காங்க." நிரஞ்சனி அஜந்தாவின் பக்கம் திரும்பினார். "அந்த நேரம் அங்க இருந்தது நீங்க ஒராள்தான். ஜீப்புல ஏறுங்க."

அஜந்தா அழவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளை ஸ்கூல் விட்டு ஒண்ணரைக்கு வந்துடுவாளே" என்று மட்டும் சொன்னாள்.

ஜவாஹிருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பல்ப் சொன்னது, கோப்பு சொன்னது, மிச்சம் அவர் கைக்கே தெரியும். தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான் என்பதும் விளங்கியது. சுவிட்சைச் சோதிக்கக் கொண்டுபோகிறேன் என்று கேட்டால் கழற்றித் தருவார்கள். நாளைக்கு வேறொன்றைப் பொருத்திவிட்டால் கதை முடிந்தது. இருபத்திரண்டு வருடக் கடை, ஊருக்குள் இருக்கும் பெயர், எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜீப்பின் கதவு திறந்த சத்தம் கேட்டது. வெட்கக்கேடு, அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"மிஸ், அந்தப் பிள்ளைய விடுங்க. மெயினப் போடச் சொல்லுங்க."

மெயினைப் போட்டார்கள். பின்வாசல் சுவரில் பம்ப் சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஜவாஹிர் கிணற்றடிக்குப் போய்த் தன் டெஸ்டரைப் பெட்டிக்குள் வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

"சுவிட்ச் ஓஃப்லதானே இருக்கு?" என்றார் நிரஞ்சனி.

"ஓஃப்லதான். இந்தப் பக்கத்து லைன்ல வயர் மாறி ஈக்கிது. அணைச்ச பல்ப் மங்கலா எரியிறதும் அதாலதான். சாதாரண சுவிட்ச் ஒரு வயரத்தான் வெட்டும். வேற வீட்டுல அது கரண்ட் வார வயர். இங்க அது திரும்பிப் போற வயர். மோட்டார் நிக்கும், ஆனா பெட்டிக்குள்ள கரண்ட் அப்படியே நிக்கும். இந்தப் பழைய வீட்டுல, ஷொக் அடிச்சாத் தானா வெட்டுற ட்ரிப் சுவிட்சும் இல்ல."

"ரெண்டையும் வெட்டுற சுவிட்ச்தானே போட்டீங்க? இதுல சரி போட்டிருக்கே."

ஜவாஹிர் மெயினை நிறுத்தச் சொல்லி, சுவிட்சின் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஒரே ஒரு வயர்தான் அதற்குள் போய் வந்தது.

"அவர் கேட்டாரு. நான் காதுல போடல்ல. அவர் ஏழு சொன்னா ஏழும் சும்மா பேச்சுன்னு நெனச்சேன். கையில இருந்ததப் போட்டுட்டு, சொன்ன மாதிரியே செஞ்சாச்சு சேர்னு சொன்னேன். அவர் அத நம்பி, சுவிட்ச அணைச்சிட்டு, என் பேர எழுதக் கைய வச்சிருக்காரு."

அஜந்தா ஜீப்பின் படியிலிருந்து காலை இறக்கினாள்.

"நானா, தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இது எழுத்துல போகும். கோர்ட்டுக்கும் போகும்."

"தெரியும் மிஸ். அவர் குத்தவாளிய காட்டிக் குடுக்க எழுதல்ல. ஆனா எழுதின பேர் சரிதான். முழுசா எழுதிக்குங்க. ஜவாஹிர்."

பத்தரைக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தபின், அவர் சந்திரவதனாவுக்கு முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"டீச்சர், சேர் டெஸ்டர் வச்சுப் பாக்காம ஒண்ணையும் தொடமாட்டாரே. இண்டைக்கு மட்டும் ஏன்?"

சந்திரவதனா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜவாஹிருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நானும் கேட்டனான். பொக்கற்றிலதானே டெஸ்டர் கிடக்கு, ஒருக்கா வைச்சுப் பாருங்கோ எண்டனான். 'மற்றவங்கள் செய்த வேலையெண்டா பாக்கத்தான் வேணும். மாத்தளையில நான் சொல்லுறதைக் கேக்கிற ஒரே ஆள் ஜவாஹிர்தான்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

நிரஞ்சனி கோப்பை மேசையில் விட்டுப் போயிருந்தார். ஜவாஹிர் அதை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குக் கீழே உட்கார்ந்தார். ஒன்று, எண்ணெய். இரண்டு, திருகாணி. மூன்று, கொண்டென்சர். மூன்றும் வழக்கம்போலத் தப்பு. நாலாவதையும் வாசித்தார். பிறகு மிச்சத்தையும், "அனைத்தும் சொன்னபடி நிறைவேற்றப்பட்டது" என்ற கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.