கடைசி ஆளின் முடிச்சு

பிடித்திருந்த கணுக்கால் ஈரமாக இருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்திருப்பாள் சோம்பேறி என்று மகளை மனசுக்குள் திட்டினாள் தையல்காரி.

வீடு தீப்பிடித்தால் தப்பிப்பது எப்படி என்று ஞாயிறுதோறும் பட்டப்பகலில் ஒத்திகை. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கணவரின் ஏற்பாடு. புகையில் கண் தெரியாதாம்; மூவர் கண்ணும் கட்டப்படும். கடைசி ஆளுக்குப் புகை அதிகமாம். இவளுக்கு மட்டும் வாயிலும் மூக்கிலும் ஈரத்துண்டுக் கட்டு. அவர் முன்னால் தவழ, அவர் காலை மகள் பிடிக்க, மகள் காலை இவள் பிடிக்க, வாசல்வரை ஊர்வலம்.

"யாரும் பிடிச்ச கால விடக்கூடாது!"

"தீக்குத் தப்பிச்சாலும் உங்க ஒத்திகைக்குத் தப்ப முடியாது," என்றபடி முடிச்சுகளை இவள்தான் போட்டாள். இவளே வந்து அவிழ்த்தால் உண்டு; இல்லையென்றால் யானை கட்டி இழுக்க வேண்டும். அதில் ஒரு பெருமை.

சற்று முன்புதான், வழியில் தையல் மெஷினில் புடவை மாட்டியது. ஒரு கணம் காலை விட்டாள். துழாவி மறுபடி பிடித்தாள்.

அப்போதிருந்துதான் இந்த ஈரம்.

பிறகு நாற்றம். வாளியில் மாதக்கணக்காய் ஊறிய தரைத்துணி, அதற்குள் செத்த எலி, அந்த எலியின் வயிற்றுக்குள் இன்னொரு எலி என்று அடுக்கடுக்காய், ஈரத்துண்டைத் துளைத்து நாக்கின் அடிவரை கொழகொழவென்று இறங்கியது. குமட்டி வந்ததை விழுங்கினாள். துண்டுக்குள் எங்கே துப்புவது?

கால் அமுங்கியது. அமுங்கிய சதை எழும்பவில்லை. தோல், நனைந்த காலுறைபோல் கழன்றது. உள்ளே ஏதோ நெளிந்தது.

கையை இழுத்தாள். விரல்கள் புதைந்திருந்தன.

வாசலில் மகளின் சிரிப்பு கேட்டது.

"அம்மா! நானும் அப்பாவும் எப்பவோ வெளிய வந்தாச்சு! கண்கட்ட நீதான் அவுக்கணும், வா!"

அலறினாள். துண்டுக்குள் 'ம்ம்' என்றது. மற்றக் கையால் முடிச்சைப் பிய்த்தாள். இவளே போட்ட முடிச்சு; ஒற்றைக் கைக்கு அசையவில்லை.

"மாட்டிக்கிட்டியா? நான் வரவா?"

வேண்டாம். வராதே. வராதே கண்ணு.

முன்னால் இருந்தது தொண்டையைச் செருமியது. இவள் குரலில், இவள் கொஞ்சும் அதே இழுப்பில்:

"வாடி தங்கம். பின்னால வந்து கால கெட்டியா பிடிச்சுக்கோ."

இவள் கணுக்காலில் ஒரு சின்னக் கை பதிந்தது. சூடான கை.

ஊர்வலம் கிளம்பியது. வாசல் பக்கம் அல்ல.